புதுப் பெயிண்ட் வேண்டாம், பழைய சுவரே போதும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர் நல்ல மனிதராக அமைந்துவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கறாரானவர்கள் சுவரில் எண்ணெய்க் கறை இருந்தாலும் அப்படியே சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நல்லவர்கள் விட மாட்டார்கள். "நீ ஏம்மா கவலைப்படறே? ரெண்டு கோட்டிங் பெயிண்ட் அடிச்சு, கரப்பானுக்கு மருந்து அடிச்சு, பினாயில் ஊத்திக் கழுவி ஜம்முனு குடுத்துடறேன்" என்பார்கள். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்த வீட்டில் நான் குடியேற முடியாது. "பெயிண்ட் வேண்டாம் சார், இப்படியே குடுங்க" என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கம். அதிலிருந்து தப்பிக்க நான் போடும் திட்டம் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள் என்று கெஞ்சும் குடித்தனக்காரியை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

சில வேதிப்பொருள்களின் ஆவியும் புகையும் என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. புதுப் பெயிண்ட், பிளைவுட் அலமாரி, கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, துணி அலசும் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற வாசனைத் திரவம் இவையெல்லாம் என் பட்டியலில் உண்டு. முதலில் தொண்டை இறுகும். பிறகு கண்ணுக்குப் பின்னால் வலி ஏறும். அதற்கும் மேலே போனால் மூளை மந்தமாகிவிடும். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். 69-ஐ 96 என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் தேடுகிற நிலை வந்தால், காற்றில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும்.

ஆரம்பம் முன்பு வேலை பார்த்த இடத்தில். அலுவலகத்தை அழகுபடுத்துகிறோம் என்று புதிய தடுப்புகள், மேசைகள், பசை போட்டு ஒட்டிய தரைவிரிப்பு எல்லாம் ஒரே வாரத்தில் இறக்கினார்கள். ஜன்னல் திறக்க முடியாத ஏசி அறை. எல்லோருக்கும் தலை வலித்தது. மற்றவர்களுக்குப் பத்து நாளில் சரியானது. எனக்குச் சரியாகவில்லை, பரவியது. அதுவரை ஒன்றும் செய்யாத ஊதுபத்தியும் அதன்பிறகு சேர்ந்துகொண்டது.

நுரையீரல் மருத்துவர் குழாயில் ஊதச் சொன்னார். எல்லாம் இயல்பு என்றார். காது மூக்கு தொண்டை நிபுணர் சைனஸ் என்றார். ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், நல்ல மனிதர், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஒவ்வாமை மருத்துவர் ஒருவர்தான் 'மல்டிபிள் கெமிக்கல் சென்சிடிவிட்டி' என்று ஒரு பெயர் இருக்கிறது என்றார். சிகாகோவில் தெரான் ராண்டால்ஃப் என்கிற ஒவ்வாமை மருத்துவர் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதியவர். இந்தப் பெயரை வரையறை செய்து நிலைநிறுத்தியவர் மார்க் கல்லன் என்ற மருத்துவர், 1987-ல்.

மருத்துவ உலகம் இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் இல்லை. வாசனை தெரியாதபடி மறைத்து வேதிப்பொருளைக் கொடுத்த பரிசோதனைகளை 2006-ல் சிலர் தொகுத்து ஆராய்ந்தார்கள். எது வெறும் காற்று, எது வேதிப்பொருள் என்று நோயாளிகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. மூளை கற்றுக்கொண்ட அச்சம் இது என்கிறார்கள் ஒரு சாரார். ஒருமுறை பட்ட அடியில் உடம்பின் தாங்கும் திறன் போய்விடுகிறது என்கிறார் அமெரிக்க மருத்துவர் கிளாடியா மில்லர். ஜப்பான் 2009-ல் இதைத் தன் நோய்ப் பெயர்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. விவாதம் நடக்கட்டும். என் இருப்பிடம் அதுவரை காத்திருக்க முடியாது. ஒற்றைத் தலைவலிக்குக் காரணம் முழுதாகத் தெரிந்தபிறகா விளக்கை அணைக்கிறோம்?

வீட்டுக் காற்றில் ஒன்றுமே இல்லை, எல்லாம் என் கற்பனை என்று சொல்லவும் வழி இல்லை. பிளைவுட் ஒட்டும் பிசினிலிருந்து கசிகிற ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதை நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் இரவு முழுக்க எரிய விடுகிறோம். சிகரெட்டை மட்டும் மாடிக்குப் போய்க் குடி என்கிறோம்.

தனியாக வீடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும், அதனால் முடியாது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவதற்குள் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதப்போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே வந்துவிடு, நல்ல காற்று என்பாள் அம்மா. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். சம்பாப் பயிர் பச்சை கட்டும் நாட்களில் வாசலுக்கு எதிரிலேயே விசைத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடிப்பார்கள். நல்ல காற்று என்பது ஊரைவிட்டு வந்தவர்களின் ஞாபகத்தில் இருக்கிற சமாச்சாரம். பிழைப்பும் இங்கேதான். ஆகவே யாரோடாவது சேர்ந்துதான் குடியிருந்தாக வேண்டும்.

பெண்கள் விடுதியில் ஆரம்பித்தேன். நான்கு கட்டில் போட்ட அறை. அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உருப்படியாக இருந்தது. அதில் நிரந்தரமாகக் கொசு விரட்டும் திரவம் செருகியிருந்தது. ஏசி என்று சொல்லி வாடகை கூட்டியிருந்ததால் ஜன்னலைத் திறந்தால் வார்டன் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருத்தி தலைக்கு டை போடுவாள், ஒருத்தி நகப்பூச்சைத் துடைப்பாள், மூன்றாமவள் திங்கட்கிழமைச் சட்டைக்கு ஸ்பிரே அடித்துத் தேய்ப்பாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அது அவர்கள் வீடும்தான். காலையில் குளியலறை கழுவ ஓர் அம்மா வருவார். பிளீச்சிங் பவுடர் தூவின தரையில் அப்படியே ஆசிட்டையும் ஊற்றுவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், பள்ளிக்கூட வேதியியல். அந்த அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே தேய்ப்பார். "ரெண்டையும் சேக்காதீங்கம்மா" என்றேன். "தனித்தனியா போட்டா கறை போகலன்னு மேடம் திட்டறாங்க" என்றார்.

வார்டன் கெட்டவர் அல்ல. "உனக்கு ஜன்னல் ஓரக் கட்டில் தர்றேன்" என்றார். திறக்காத ஜன்னலின் ஓரம்.

அங்கிருந்து வெளியே வந்து, வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்களைத் தேட ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அறைத்தோழி தேவை என்கிற விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'சைவம் மட்டும்' என்று போட்டிருக்கும். 'அசைவம் சமைக்கக் கூடாது, வெளியிலிருந்து வாங்கி வந்தும் சாப்பிடக் கூடாது' என்று போட்டிருக்கும். அந்த வரிக்குப் பின்னால் சாதி ஒளிந்திருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் அதை நாசூக்கு என்றோ மனநோய் என்றோ சொல்வதில்லை. கவிச்சி வாடை ஆகாது என்றால் ஆகாது. அது அந்த வீட்டின் ஒழுங்கு. அடுத்தவர் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட இந்த நகரத்தில் முழு உரிமை இருக்கிறது. அடுத்தவர் என்னை என்ன சுவாசிக்க வைக்கப் போகிறார் என்று கேட்டால் மட்டும், "ரொம்பத்தான் அலட்டிக்கிறா" என்று போனை வைத்துவிடுகிறார்கள்.

நான் கருவாடு சாப்பிடுகிறவள். வறுத்தால் வீடு முழுக்க, மாடிப்படி வரைக்கும் மணக்கும். அந்த மணம் என்னை ஒன்றும் செய்யாது. மல்லிகைப் பூவும் செய்யாது. ஆகவே இது மூக்கின் செல்லம் அல்ல. அந்தக் கருவாட்டு வாடையைப் போக்க அடிக்கிற ஸ்பிரேதான் என்னைப் படுக்கையில் தள்ளும். சைவ வீட்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், அசைவ வீட்டில் வாடைக்குப் பயந்து ரூம் ஃபிரெஷ்னர் மாட்டியிருப்பார்கள். இரண்டு கதவும் இப்படித்தான் மூடிக்கொண்டன.

வீடு பார்க்கும்போது நான் செய்கிற வேலைகளைப் பார்த்தால் வருமானவரிச் சோதனை என்று நினைப்பீர்கள். முதலில் அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பேன். பிசின் நெடி கண்ணைக் கரித்தால் அங்கேயே முடிந்தது. அடுத்து துணித் தட்டின் மூலையில் விரல் விட்டுத் தேடுவேன். பழைய குடித்தனக்காரர்கள் போட்ட பாச்சை உருண்டை பட்டாணி அளவுக்குத் தேய்ந்து கிடக்கும். எடுத்து எறிந்தாலும் மரத்தில் ஏறிய நெடி மாதக்கணக்கில் இறங்காது. குளியலறையில் வாசனைக் கட்டி தொங்குகிறதா, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது அடித்தார்கள், கீழ் வீட்டில் என்ன தொழில் என்றெல்லாம் விசாரிப்பேன். பக்கத்தில் டிங்கரிங் பட்டறை இருந்தால் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே மாலையில் மாடி ஏறி வரும். கடைசியாக ஒரு கோரிக்கை வைப்பேன்: முன்பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு பாய் போட்டுப் படுத்துப் பார்க்கிறேன், வாடகை தருகிறேன் என்று. பெரும்பாலும் பேச்சு இந்த இடத்தில் முறிந்துவிடும்.

வீடு கிடைப்பதைவிடக் கஷ்டம் ஆள் கிடைப்பது. "வாசனை ஏதாவது போடுவீங்களா?" என்று தொலைபேசியில் கேட்டால், இல்லவே இல்லை என்பார்கள். நேரில் வந்தால் உடுத்தியிருக்கும் துணியே மணக்கும். பொய் சொல்லவில்லை, பாட்டிலில் அடிப்பது மட்டும்தான் வாசனை என்று நினைக்கிறார்கள். ஆகவே பொருள் பொருளாகக் கேட்க வேண்டும். துணி அலசுகிற கடைசித் தண்ணீரில் எதையாவது ஊற்றுவீர்களா? தரை துடைக்க என்ன? கொசுவுக்கு என்ன? வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டா? தலைக்கு எங்கே டை போடுவீர்கள்? இப்படிக் கேட்டால்தான் விவரம் வெளியே வரும். அந்த பாட்டில்களின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் விவரம் கிடையாது. 'வாசனைப் பொருள்' என்று ஒரே வார்த்தையில் எத்தனையோ சேர்மங்களை மூடிவிடுகிறார்கள்.

இதே பிரச்சினை உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. எனக்கும் அது சரி என்று பட்டது. ஆனால் முயன்று பார்த்தவர்களின் கதை வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் 1994-ல் மத்திய வீட்டுவசதித் துறையின் பணத்தோடு 11 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு கட்டினார்கள். 'எக்காலஜி ஹவுஸ்' என்று பெயர். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்காகவே பொருள் பொருளாகத் தேர்ந்தெடுத்துக் கட்டிய கட்டடம். குடிவந்த சிலருக்கு அங்கேயே உடம்பு கெட்டது. ஒருவருக்கு ஒத்துக்கொண்ட பொருள் இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அரிசோனா மாநிலத்தில் ஸ்னோஃபிளேக் என்ற ஊரையொட்டி இத்தகையவர்கள் சிலர் குடியேறி வாழ்கிறார்கள். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வெட்டவெளிதான். சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் 2013-ல் இவர்களுக்கென்று ஓர் அடுக்குமாடி எழுந்தது. புகை, வாசனைத் திரவியம், கைப்பேசி எதுவும் கூடாது என்பது அங்கே விதி. நகராட்சி இடம் கொடுத்து, கூட்டுறவு அமைப்பு கட்டிய வீடு அது. அந்த அளவுக்கு இங்கே நான் கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பார்கள்.

கேட்டும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு, அதுவும் பணக்கார நாட்டிலிருந்து. கனடாவின் ஒன்டாரியோவில் 51 வயதுப் பெண் ஒருவர். இதே கோளாறு. அவர் இருந்த அடுக்குமாடியில் அக்கம்பக்கத்துச் சிகரெட் புகையும் துப்புரவுத் திரவங்களின் நெடியும் காற்றுக் குழாய் வழியாக அறைக்குள் வந்தன. புகை இல்லாத, கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீட்டுக்காக இரண்டு ஆண்டுகள் அலைந்தார். அவரை அறிந்த மருத்துவர்கள் அரசு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். வீடு கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரியில், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் மருத்துவ உதவியோடான மரணத்தை அவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார். சாவதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு வீடு கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் எந்த வீட்டில் இருந்தேனோ, அந்த வீட்டுக் கூடத்தில் சுருள் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது நங்கநல்லூரில் இருக்கிறேன். மூன்று பேர். என் அனுபவத்தில் கண்டது: ஒத்துப்போகிற அறைத்தோழி என்பவள் என் நோய் உள்ளவளாக இருக்க வேண்டியதில்லை. எதையும் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்கிறவளாக இருந்தால் போதும். உடன் இருப்பவர்களில் ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தஞ்சாவூர்க்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. தினமும் பூஜை உண்டு. வந்த புதிதில் நான்தான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தேன். நல்லெண்ணெய் விளக்கு எனக்கு ஒன்றும் செய்யாது, கற்பூரமும் ஊதுபத்தியும்தான் ஆகாது என்றேன். அவர் ஒரு நாள் யோசித்தார். "சாமிக்கு வெளக்கு போதும்டி. பொகைய நான்தான் போட்டுப் பழகிட்டேன், அது கேக்கல" என்றார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் நான் அலுவலகம் கிளம்பினபிறகு, பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. மாலை நான் வருவதற்குள் காற்று மாறிவிடும்.

மூன்றாமவள் தூத்துக்குடிப் பெண், ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை. நடுப்பகலில் கார் வரும், நள்ளிரவில் இறக்கிவிடும். ஸ்பிரே இல்லாமல் வெளியே போக மாட்டாள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே கேட்டுக்கு வெளியே நின்று அடித்துக்கொள்கிறாள். "அக்கா, புது ஷாம்பு வாங்கியிருக்கேன், மூடியத் தெறந்து பாருங்க, ஓகேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் குளியலறைக்குள் கொண்டுபோவாள். ஆகாது என்றால் முகம் கொஞ்சம் சுண்டும். ஆனாலும் கடையில் மாற்றிக்கொண்டு வருவாள்.

பதிலுக்கு என் பங்கு உண்டு. கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வீட்டிலும் நீடிக்க முடியாது. குளியலறையும் கழிவறையும் கழுவுவது முழுக்க என் பொறுப்பு. சமையல் சோடாவும் எலுமிச்சையும் வினிகரும் தேய்க்கும் பிரஷும் போதும், ஆசிட் தேவைப்பட்டதில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை என் செலவில் அடித்தேன். மாலை ஐந்து மணிக்குள் கதவைச் சாத்த வேண்டும், பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது, படுக்கும்போது வலை கட்ட வேண்டும். அதற்கும் அடங்காத கொசுவுக்கு மின்சார பேட். டெங்கு இருக்கிற ஊரில், எனக்காகக் கொசுக்கடி பட்டுக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது, அது நியாயமில்லை. மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுருளை அணைக்கச் சொல்ல வேண்டும்.

மாநகராட்சி வண்டி அடிக்கிற புகை மருந்துதான் இன்னும் தீராத வழக்கு. டீசலில் கலந்து அடிக்கிறார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று முன்கூட்டிச் சொன்னால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் எங்காவது போய்விட்டு வருவேன். எனக்கு மட்டுமா? ஆஸ்துமா குழந்தை இருக்கிற வீட்டுக்கும் அது வேண்டும்தானே?

அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் கோளாறு அரிது என்று ஒதுக்குகிறவர்கள், எங்களுக்கு நல்லதாக இருக்கும் காற்று வேறு எத்தனை பேருக்கு நல்லது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆஸ்துமாக்காரர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், மசக்கையில் இருக்கும் பெண்கள், கீமோ எடுத்துக்கொள்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஸ்டைன்மன் 2016-ல் வெளியிட்டார். வாசனை சேர்த்த பொருள்களால் ஏதாவது ஓர் உடல் உபாதை வருகிறது என்று சொன்னவர்கள் 34.7 சதவீதம். அவர்களாகச் சொன்னதுதான், மருத்துவச் சோதனை அல்ல. பாதியைத் தள்ளிவிட்டாலும் ஆறு பேரில் ஒருவர்.

புகைக்கு விதி போடுவது நமக்குப் புதிதும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பீடி பற்றவைத்தால் நாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. இன்று பேருந்தில் பற்றவைத்தால் நடத்துநர் வருவதற்கு முன்னால் பயணிகளே இறக்கிவிடுவார்கள். 2018 போகியன்று எரித்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. அதே ஆண்டு தீபாவளிப் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. பண்டிகை நின்றுபோய்விடவில்லை.

சட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உள்ளன, இது இல்லை. அதில் சேர்க்கச் சொல்லி இப்போது நான் கொடி பிடிக்கப் போவதில்லை. மருத்துவர்களே ஒத்துக்கொள்ளாத நோய்க்குச் சான்றிதழ் யார் தருவார்? வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தபோது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று எழுதினார்கள். காற்றைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் கூடத்துக்குள் எந்தச் சட்டம் வந்து ஊதுபத்தியை அணைக்கும்? அது மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டிய இடம்.

ஆனால் விடுதிகள் அப்படி இல்லை. அங்கே அரசுக்கு வேலை இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென்று 2014-லேயே தமிழ்நாட்டில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். கேமரா இருக்கிறதா, காவலாளி இருக்கிறாரா, தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவசியமான கேள்விகள்தான். அதோடு இன்னும் இரண்டு சேர்க்கலாம். பெயிண்ட் அடிப்பதற்கும் பூச்சி மருந்து அடிப்பதற்கும் ஒரு வாரம் முன்பே, என்ன மருந்து என்ற பெயரோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். படுக்கும் அறைகளில் சுருளும் திரவமும் வைப்பதற்குப் பதில் ஜன்னல்களுக்கு வலை அடித்துத்தர வேண்டும். வலை ஒருமுறைச் செலவு. திரவம் மாதாமாதம் வாங்க வேண்டியது. கணக்கு எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன், ஓர் ஆண்டுக்குள் விடுதி நடத்துகிறவருக்குத்தான் லாபம்.

அரசே நடத்துகிற தோழி விடுதிகளில் இன்னும் சுலபம். தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரி என்று நல்ல கட்டடங்களைக் கட்டியிருக்கிறார்கள். கைரேகை வைத்து உள்ளே போகும் வசதி, இணைய வசதி எல்லாம் உண்டு. வேலைக்கு வரும் பெண்களுக்கு அந்தத் திட்டம் செய்திருக்கும் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த விடுதி ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் அறையை, முடிந்தால் ஒரு தளத்தை, புகையும் வாசனையும் இல்லாததாக ஒதுக்கலாம். திறக்கும் ஜன்னல், இரும்பு அலமாரி, பழைய சுவர், வலை இவ்வளவுதான் தேவை. யார் வேண்டுமானாலும் விரும்பி எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவச் சான்று கேட்க வேண்டாம். 'வாசனைப் பொருள் வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த அறையைத் தீர்மானிக்கலாம்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய கட்டடமும் தேவையில்லை. தோழி விடுதிகளை நடத்தும் கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் அடுத்த மாதமே செய்துவிடலாம்.